கூட்டிச் சொல்லும் முள்

வேகவதி என்ற பெயரைத் தாங்கிய நதியொன்று வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் வேகம் இன்னதென்றே அறியாத மணற்பரப்பாகவும் முட்புதராகவும் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, அதைக் கடந்து காஞ்சிபுரத்துக்குப் போவதும் மீள்வதும் திருப்பருத்திக்குன்றத்துக்காரர்களாகிய எங்களுக்கு நித்திய வழக்கம். தன்னை விலக்கிப் பிரமன் யாகம் செய்தான் என்ற சினத்தில் சரஸ்வதியே நதியுருக் கொண்டு பாய்ந்து வந்தாள் என்றும், அந்த வேகத்தின் குறுக்கே திருமால் அணையாகச் சயனித்தான் என்றும், வேகத்துக்கு இட்ட அணை என்பதே மருவித் திருவெஃகா ஆயிற்று என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி, கார்த்திகையில் செந்நீர் இருகரையும் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்க விரையும்போதுதான், பெயரிட்டவர்கள் பொய் சொல்லவில்லை என்பது விளங்கும். வேகத்தையும் அதற்கு இட வேண்டிய அணையையும் ஒரே கதைக்குள் வைத்துச் சொன்ன பூமியில் பிறந்தும், வேகத்தை அளக்கும் கருவி எதைச் சொல்கிறது, எதைக் கூட்டிச் சொல்கிறது என்று ஒருநாளும் யோசியாமல் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

சென்ற மாசியில் ஒரு விடியற்காலை, கார்த் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் என் தங்கை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்டேன். வெள்ளைகேட்டில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து, லாரிகள் அதிகம் கிளம்பாத அந்த நேரத்தில் சாலை காலியாக நீண்டு கிடக்க, முள் 80-ஐத் தாண்டியதும் காரில் மணி ஒலித்தது. 2019 ஜூலைக்குப் பின் தயாராகும் கார்கள் எல்லாவற்றிலும் 80-க்கு மேல் போனால் இப்படி ஒலித்து எச்சரிக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. நான் காலைச் சற்றுத் தளர்த்தி முள்ளை 80-க்குக் கொண்டுவந்தேன்.

"மாமா, முள்ளு எம்பதுல நிக்குது. ஆனா நாம எழுபத்தஞ்சுலதான் போறோம்" என்றான்.

"எப்படிச் சொல்றே?"

"போன் சொல்லுது. ஜி.பி.எஸ்."

"போன் தப்பா இருக்கக் கூடாதாப்பா?"

"அப்ப மூணாவதா ஒரு சாட்சியக் கேப்போம், மாமா. கல்லக் கேப்போம்."

அவன் சொன்ன கல், சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கல். ஒரு கிலோமீட்டரை ஒரு வண்டி எத்தனை விநாடியில் கடக்கிறதோ அந்த எண்ணால் 3,600-ஐ வகுத்தால் வருவது மணி வேகம். 60 விநாடி என்றால் 60 கிலோமீட்டர், 45 விநாடி என்றால் 80. சாலையை அகலப்படுத்தும்போது கற்களைப் பெயர்த்து நடுகிறார்கள், சிறுபாலம் குறுக்கிட்டால் சில அடி தள்ளியும் வைக்கிறார்கள். ஆகவே ஒரு கல்லை நம்பாமல் ஐந்து கிலோமீட்டருக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். நான் முள்ளை 80-இல் அசையாமல் நிறுத்த, அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லைக் கல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஐந்தாவது கல் கடந்தபோது நான்கு நிமிஷம் ஒரு விநாடி ஆகியிருந்தது. முள் சொன்ன வேகத்தில் போயிருந்தால் மூன்றே முக்கால் நிமிஷத்தில் கடந்திருக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் 75-க்கு மயிரிழை குறைவு. வானத்துச் சாட்சியும் மண்ணில் நட்ட கல்லும் ஒன்றாகப் பேசின. என் கண்ணெதிரே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வருஷக்கணக்காக நான் நம்பிவந்த முள் மட்டும் தனியாக நின்றது.

அந்த முள்ளின்மேல் எனக்கு ஏற்பட்டது கோபம் என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் பழகிய மனிதர் ஒருவர் ஏதோ ஒன்றை மறைத்துவந்தார் என்று தெரியும்போது உண்டாகும் சங்கடம் அது. அவர் ஏன் மறைத்தார் என்று அறியும் வரையில் அது தீர்வதில்லை.

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் இருந்த ஸ்கூட்டரின் மீட்டரில் முள் ஓர் இடத்தில் நில்லாமல் துடிக்கத் தொடங்கியபோது, பிள்ளையார்பாளையத்து மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றி, ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வைத்து என் முன்னாலேயே பிரித்தார். முன்சக்கரத்திலிருந்து ஒரு முறுக்குக் கம்பி வருகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றுகிறது. அதன் நுனியில் சிறு காந்தம். காந்தத்தின்மேல் கவிழ்த்த குங்குமச் சிமிழ் போல ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் தண்டில்தான் முள் குத்தியிருக்கிறது. தண்டைச் சுற்றிக் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற மெல்லிய சுருள்வில். அவர் கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து உருட்ட, முள் எழும்பிற்று, விட்டார், விழுந்தது. "பாத்தீங்களா சார், ஒண்ண ஒண்ணு தொடல. தொடாமலே இழுக்குது" என்றார். உண்மைதான். காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் சுழல்மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டத்தின் விளைவாகக் கிண்ணம் காந்தத்தின் பின்னாலேயே ஓட விரும்புகிறது. சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் உலகத்து வண்டிகளில் பெரும்பாலானவை தங்கள் வேகத்தை இந்தத் தொடாத இழுப்பைக் கொண்டே அறிந்தன. காந்தம் வயசாகி வலுக்குன்றினால் முள் குறைத்துச் சொல்லும். வில் தளர்ந்தால் கூட்டிச் சொல்லும். கம்பியின் உறைக்குள் கிரீஸ் வற்றினால் என் ஸ்கூட்டரில் போலத் துடிக்கும்.

இன்றைய கார்களில் கம்பியும் இல்லை, கிண்ணமும் இல்லை. சக்கரத்தருகே பல்வைத்த வளையம் ஒன்று சுற்ற, ஓர் உணர்கருவி பற்களை எண்ணித் துடிப்புகளாக அனுப்ப, உள்ளிருக்கும் சிறு கணிப்பொறி அவற்றை டயரின் சுற்றளவோடு பெருக்கிக் காட்டுகிறது. எண்ணுவதில் அதற்குப் பிழையே நேராது எனலாம். ஆனால் டயரின் சுற்றளவு என்று எதை அது எடுத்துக்கொள்கிறது? தொழிற்சாலையில் எழுதிவைத்த ஓர் எண்ணை. அறுபத்திரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 513 சுற்றுச் சுற்றும். நான்கு வருஷம் ஓடி ஆறு மில்லிமீட்டர் ரப்பர் தேய்ந்துபோனால், அதே கிலோமீட்டருக்கு 523 சுற்றுக்கு மேல் ஆகிவிடும். சாலை நீளவில்லை, காரும் விரையவில்லை. சக்கரம் பத்துச் சுற்று அதிகம் சுற்றியது, அவ்வளவுதான். காரோ அந்தப் பத்தையும் வேகம் என்றே கணக்கு வைக்கும். காற்றுக் குறைந்த டயர், அளவு குறைத்துப் போட்ட டயர் எல்லாவற்றுக்கும் இதே கதி. வேகமானி சாலையை ஒருபோதும் பார்த்ததில்லை. அது அறிந்தது தன் சக்கரத்தை மட்டும்.

ஆயினும் எங்கள் பிரயாணத்தில் கண்ட ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்தைத் தேய்மானத்தின் தலையில் முழுக்கச் சுமத்த முடியாது. அதில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்து, உலகின் பல தேசங்கள் ஏற்று நடக்கும் 39-ஆம் விதி, மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒரு சிறிதும் குறைத்துச் சொல்லக் கூடாது என்றும், கூட்டிச் சொல்வதானால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் நான்கு கிலோமீட்டரும் வரை போகலாம் என்றும் கூறுகிறது. உண்மையில் 80-இல் ஓடும் வண்டியின் முள் 92 வரை காட்டினாலும் விதிப்படி குற்றமில்லை; 79 என்று காட்டினால் குற்றம். நம் நாட்டில் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் 117-ஆம் விதி வண்டிகளுக்கு வேகமானி வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நம்மிடம் விற்கும் கார்களோ உலகச் சந்தைக்கும் சேர்த்து வடிவமைக்கப்படுகிறவை.

இதன் உட்கருத்தை விசாரித்தால், கருவி செய்கிறவனின் அறமும் கணக்கும் ஒன்றாகக் கலந்திருப்பது தெரியும். எவ்வளவு சூக்ஷ்மமாகச் செய்த கருவியிலும் இருபுறமும் சாயக்கூடிய ஒரு தவறு தங்கியே தீரும். மூன்று கூடலாம், மூன்று குறையலாம் என்று வைத்துக்கொண்டால், குறையும் மூன்றில்தான் ஆபத்து இருக்கிறது. தான் 80-இல் போவதாக நினைப்பவன் 83-இல் போய்க்கொண்டிருப்பான். ஆகவே செய்கிறவன் அளவு முழுவதையும் மூன்று மேலே தூக்கி வைத்துவிடுகிறான். இப்போது மிக மோசமாகக் குறைகிற கருவி உண்மையில் வந்து நிற்கும். மிக அதிகமாகக் கூடுகிறது ஆறு காட்டும். உயிருக்கு அபாயம் உள்ள பக்கத்தை அடைத்துவிட்டு, அபாயமில்லாத பக்கமாகத் தவறை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இது.

எங்கள் தெருவில் பட்டுத்தறி போட்டிருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் நாடாவைக் கையில் நிறுத்திக்கொண்டு சிறிது நேரம் கேட்டார். "இதுல என்ன அதிசயம்? நாங்களும் அப்படித்தானே. தறியில இழுத்துக் கட்டியிருக்கறப்ப ஆறு கெஜம்னு அளந்தா, எறக்கின பிறகு சேலை கொஞ்சம் உள்ள வாங்கும். நாலு விரக்கடை கூடவே நெய்வோம். கூடினா யாரும் கேக்க மாட்டாங்க. கொறஞ்சா கட்டறவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். பாவின் இழுப்பை விரலால் தட்டிப் பார்த்தே அறிகிற ஒரு கைக்கு, 39-ஆம் விதியின் தத்துவம் படிக்காமலே விளங்கியிருந்தது. பொறியியல் நூல்கள் பல பக்கம் எழுதி விளக்குவதை நான்கு விரற்கடையில் அவர் முடித்துவிட்டார்.

இனி வானத்துச் சாட்சியின் பக்கம் வருவோம். காஞ்சிபுரம் ரயிலடியில் நின்றவர்கள் யாரும் கவனித்திருக்கக்கூடியது இது: ஊதிக்கொண்டே நெருங்கிவரும் எஞ்சினின் ஒலி நம்மைக் கடந்த கணத்திலேயே சுருதி தாழ்ந்துவிடும். நெருங்கும் ஒலியின் அலைகள் நெருக்கமாகவும் விலகும் ஒலியின் அலைகள் இடைவிட்டும் வந்து சேர்வதால் நேர்வது அது. கிறிஸ்தியான் டாப்ளர் இந்த நியதியைப் பிராகாவில் 1842-இல் வெளியிட்டார். பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை நம்மைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும், விநாடிக்கு 157 கோடியே 54 லட்சத்து 20 ஆயிரம் முறை துடிக்கும் ஒரு ரேடியோ அலையை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நாம் ஒரு செயற்கைக்கோளை நோக்கி மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நகர்ந்தால், அந்த 157 கோடிச் சொச்சத்தில் ஒன்றரைத் துடிப்பு கூடும். அந்த ஒன்றரையைத்தான் சட்டைப்பையில் கிடக்கும் கருவி கண்டுபிடிக்கிறது. நான்கைந்து செயற்கைக்கோள்களிடமிருந்து இப்படிக் கேட்டு, அவை ஒவ்வொன்றும் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதைக் கழித்து, மிஞ்சுவதை நம் வேகம் என்று சொல்கிறது. அந்தரத்தில் உள்ள அணுக் கடிகாரங்கள், ஐன்ஸ்டைனின் சார்பியல் சொன்னபடியே, தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தி ஓடுகின்றன. அதையும் முன்கூட்டியே திருத்தித்தான் மேலே அனுப்புகிறார்கள். திறந்த வானத்தின்கீழ், சீரான வேகத்தில், இந்தக் கணக்கு மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூடப் பிசகுவதில்லை என்பது வியப்பில்லை. கூட்டிச் சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

ஆனால் இந்தச் சாட்சியின் பூர்வ சரித்திரத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்து, 1978-இல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட இந்த ஏற்பாட்டில், ராணுவத்தைச் சேராதவர்கள் கேட்கும் அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிவந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில்தான் ஜனாதிபதி கிளிண்டனின் ஆணைப்படி அதை நிறுத்தினார்கள். ஆக, இரண்டு கருவிகளுமே அறிந்தே மெய்யிலிருந்து விலகியவை. ஒன்று, பகைவன் கையில் கூர்மையான ஆயுதம் சேர்ந்துவிடக் கூடாது என்று விலகியது. மற்றது, வழியில் போகும் முகந்தெரியாத ஒருவன் அடிபட்டுவிடக் கூடாது என்று விலகியது, இன்றும் விலகிக்கொண்டிருக்கிறது. பிழை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதற்கு என் மனம் இசையவில்லை. பிறர் கைச் சாவியை நம்பியிருக்க வேண்டாம் என்று நம் நாடும், பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை முதல் தேதி தன் சொந்த வழிகாட்டு வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. 2023 மே மாதம் ஏவியதில் நாமே செய்த ரூபிடியம் அணுக் கடிகாரமும் போயிற்று. நேவிக் என்ற அந்த வரிசையின் குரலை நம் போன்களில் சில இப்போதே கேட்கின்றன.

வானத்துச் சாட்சியும் தவறுகிற இடங்கள் உண்டு என்பதை அன்றே கண்டோம். சுங்கச்சாவடியின் கூரைக்கடியில் நுழைந்தபோது போனில் எண் தடுமாறிற்று. நான் பிரேக்கை மிதித்து முள் 20-க்கு இறங்கிய பிறகும் போன் 40 என்றே ஒரு கணம் சொல்லிக்கொண்டிருந்தது. விநாடிக்கொரு முறை புதுப்பிக்கும் எண் அது, 80-இல் ஓடும் வண்டி அந்த விநாடிக்குள் 22 மீட்டர் கடந்துவிடும். வண்டி முற்றும் நின்றபோதும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று ஏதோ நகர்ந்தது. அடர்ந்த புளியமரச் சாலையிலும் உயர்ந்த கட்டடங்களின் நடுவிலும் அலைகள் பட்டுத் திரும்பி அதைக் குழப்பும். குகைப்பாதையில் அது ஊமை. சக்கரத்தில் கட்டுண்ட முள்ளோ, வானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலால் மிதித்த கணமே இறங்குகிறது. நேர்ச்சாலையில், திறந்த வானில், ஒரே வேகத்தில் போகும்போது போனை நம்புவதே நியாயம். வேகம் மாறிக்கொண்டிருக்கும் வேளையில் முள்ளை நம்புவதே நியாயம். நாம் உயிரோடு வீடு சேர்வது பெரும்பாலும் வேகம் மாறும் வேளைகளில்தான் தீர்மானமாகிறது.

அறிவைப் பெறும் வழிக்குத் தமிழில் அளவை என்று பெயர். அளக்கும் கோலுக்கும் அறியும் நெறிக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது. காண்டல், கருதல், உரை என்று அளவைகளைப் பிரித்தார்கள். மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் கற்பித்த முறையில் அளவைகள் இரண்டே: நேரே உணர்வது, கருதி அறிவது. இந்தக் கண்ணோடு பார்த்தால், மீட்டரும் போனும் சண்டையிடும் இந்த விவகாரத்தில் இரண்டுமே கருதல்தான், இரண்டில் ஒன்றும் காண்டல் அன்று. சக்கரம் இத்தனை சுற்றிற்று, ஆகவே இவ்வளவு தூரம் என்று ஒன்று கருதுகிறது; அலை இத்தனை நெருங்கிற்று, ஆகவே இவ்வளவு வேகம் என்று மற்றது கருதுகிறது. நாங்கள் கடைசியில் அழைத்த கிலோமீட்டர்க் கல்கூட, அதை அளந்து நட்டவர்களின் வாக்கை நம்பிப் பெற்ற உரையளவை. வேகத்தைக் கண் நேரே காண்பதில்லை. பழகப் பழகக் கண்ணுக்கு 80-உம் 60 போலத் தோன்றிவிடுகிறது என்பதை நெடுஞ்சாலையிலிருந்து ஊர்ச்சாலைக்குள் திரும்பும் ஒவ்வொருவரும் அனுபவித்திருப்பர். அதனால்தான் கருவி வேண்டியிருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை, எங்கள் ஊர் ஜைனக் கோயிலாகிய திரைலோக்கியநாதர் கோயிலுக்குப் போனேன். விஜயநகரத் தளபதி இருகப்பர் 1387-88-இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் சரிதைகள் வர்ணம் மங்கியும் மங்காமலும் தெரிகின்றன. அவற்றைப் பார்க்க வருகிற பலர் பின்னால் இருக்கும் குரா மரத்தைக் கவனியாமலே போய்விடுகிறார்கள். அந்த மரத்தைப் பற்றி அங்கே கல்லில் பொறித்த பழைய வெண்பா ஒன்று உண்டு. தன் அளவில் குறையாமலும் உயராமலும் நிற்பது அது என்றும், மன்னவனுடைய செங்கோலின் நலத்தைக் காட்டுவது என்றும் அந்த வெண்பாவின் பொருள் போகிறது. எத்தனையோ தடவை படித்த பாட்டு. அன்றுதான் அது ஓர் அளவுகருவியைப் பற்றிய பாட்டு என்று எனக்குப் பட்டது. கூடாமலும் குறையாமலும் நிற்கும் ஒன்றுக்குத்தான் பிறிதொன்றின் நலத்தைக் காட்டும் தகுதி உண்டு என்பதை, ராஜாவையே அளக்கும் மரமாக வைத்து எழுதியிருக்கிறார்கள். என் காரின் முள் அந்த மரம் அன்று. அது உயர்கிறது. ஆனால் குறைவதில்லை என்ற பாதியை அது நிறைவேற்றிவிடுகிறது. அந்தப் பாதியைக் காப்பதற்காகவே மறுபாதியை விட்டுக்கொடுக்கிறது.

இந்த ஊர் கற்பித்த இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. ஜைன முனிவர்கள் வாகனம் ஏறுவதில்லை. நடக்கும்போதும் ஈரியா சமிதி என்ற நியமப்படி, ஒரு நுகத்தடி தூரம், அதாவது நான்கு முழ அளவுக்கு முன்னால் தரையைப் பார்த்து, எறும்பும் புழுவும் மிதிபடாமல் அடியெடுத்து வைக்க வேண்டும். இருளில் நடக்கக் கூடாது. உயிர்கள் பெருகும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். எவ்வளவு தூரம் பார்க்க முடியுமோ அவ்வளவுக்கு அடங்கிய வேகத்தில் போ என்பதே அதன் சாரம். மணிக்கு 80-இல் போகிறவன் ஓர் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 22 மீட்டர், முழத்தில் சொன்னால் 48 முழம் கடந்துவிடுகிறான். பிரேக் பிடிக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். முனிவருக்கு விதித்த நான்கு முழத்தையும் நமக்கு நேரும் இந்த 48 முழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன்பின் அந்தச் சாலையில் முன்போல் ஓட்ட என்னால் முடியவில்லை.

ஏனெனில் முள் ஐந்து கூட்டிச் சொல்கிறது என்று அறிந்த ஒருவன் அடுத்துச் செய்யக்கூடிய காரியம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று சுங்கச்சாவடி தாண்டியதும் நானே அதைச் செய்தேன். நிஜத்தில் 75-தானே என்று முள்ளை 85-க்கு ஏற்றினேன். மணி ஒலித்தது, ஒலிக்கட்டும் என்று விட்டேன். "மாமா, அந்த அஞ்சு நமக்குக் குடுத்தது இல்ல. ரோட்ல நடக்கறவங்களுக்குக் குடுத்தது" என்றான் தங்கை மகன். கார் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவன் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குப் பதில் இல்லை. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 75-லிருந்து 80-க்கு ஏறினால் வேகம் கூடுவது பதினைந்தில் ஒரு பங்குதான். வண்டியை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலையோ நூற்றுக்குப் பதினான்கு பங்கு கூடிவிடுகிறது. இன்னும் ஒன்று: இன்று கூட்டிக் காட்டும் முள், நாளை சற்றுப் பெரிய டயர் மாட்டினால் அவ்வளவு கூட்டாது. டயர் மாறியது மறந்துபோகும். அந்த ஐந்தைச் செலவழிக்கும் பழக்கம் மட்டும் காலில் தங்கிவிடும்.

நகைக்கடைத் தராசுக்கும், காய்கறிக் கடை எடைக்கல்லுக்கும், ஆட்டோவின் கட்டண மீட்டருக்கும் அரசாங்க முத்திரை வேண்டும். காலந்தோறும் எடுத்துப்போய்ச் சோதித்து முத்திரை வாங்காவிட்டால் அபராதம். ஒரு கிராம் தங்கம் குறைந்தால் குற்றம் என்று அறிந்த நாம், சொந்தக் காரின் வேகமானியை அது தொழிற்சாலையை விட்டு வந்த நாள்முதல் காயலான் கடைக்குப் போகும் நாள்வரை ஒருமுறையாவது யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டதில்லை. அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் சில நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் துல்லியமாக அளந்த கிலோமீட்டர் வரிசைக்குத் தனிப் பலகை நட்டு, ஓட்டுகிறவர்கள் தங்கள் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள வசதி செய்திருக்கிறார்கள். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், வெள்ளைகேட்டுக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் நேராகக் கிடக்கும் ஒரு பகுதியில், நன்றாக அளந்து இப்படி ஐந்து பலகை நட்டுத் தர வேண்டும் என்று சாலைத்துறையாரைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிலும் இத்தனை கார்கள் பிறக்கும் மாவட்டங்களில் அப்படி ஓர் இடம் இருப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

பலகை வரும்வரை கல் இருக்கிறது. டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டு, சாலை காலியாக இருக்கும் ஒரு காலை வேளையில், முள்ளை ஓரிடத்தில் நிறுத்தி, ஐந்து கிலோமீட்டருக்கு ஆன விநாடிகளை எண்ணி, 18,000-ஐ அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள். காரில் வைக்க வேண்டாம். கல்லையும் கடிகாரத்தையும் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்; ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்.